எழுவாய் நலச் சங்கத்தின் செயப்பாட்டு வினை

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக இவ்வுலகில் நிகழ்ந்த மகத்தான செயல், எங்கள் விருதுநகரில் ‘எழுவாய் நலச் சங்கம்’ தொடங்கப்பட்டதே ஆகும். சக்கரத்தை மறந்துவிட்டு நான் இதைச் சொல்லவில்லை. சக்கரம் மனிதனை உட்காரவைத்தது. எழுவாய் நலச் சங்கமோ உட்கார்ந்தவனை எழுப்பியது; அதுவும் கோழி கூவுவதற்கு முன்னால்.

சங்கத்தின் தலைவர் திரு. சங்கரபாண்டியன். மிளகாய் வற்றல் மொத்த வணிகர். சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனியும் நடத்துபவர். பயிற்றுநர் அவருடைய மருமகள் ரோஷினி. கூட்டு உடற்பயிற்சி என்னும் கலையைச் சென்னைக்குப் போய் முறைப்படி கற்றுத் திரும்பியவர். தொடக்கக் கூட்டத்தில் அவர் முன்மொழிந்த பெயர் ‘ரைஸ் அப் விருதை’. தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்று தலைவர் உறுதியாக நின்றார். ‘எழுந்திரு’ என்று வைத்தால் ஊரே தூங்குவதாகப் பொருள்படும் என்று ஒருவர் மறுத்தார். ‘எழுச்சி’ என்று வைத்தால் போலீசார் வந்து விசாரிப்பார்கள் என்று இன்னொருவர் அஞ்சினார். பருப்பு மண்டி நடத்தும் பொருளாளர் அப்துல் ஹக்கீம் அதுவரை வாய் திறக்கவில்லை. ‘எழுவாய்’ என்று வைத்துவிட்டால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

எனக்கு மெய்சிலிர்த்தது. ‘நீ எழுவாய்’ என்னும்போது அது முன்னிலை வினைமுற்று. அதே சொல், வாக்கியத்தில் வினையைச் செய்பவர் எவரோ அவரைக் குறிக்கும் இலக்கணக் குறியீடும் ஆகும். செய்தவர் யார் என்று கேட்டால் விடையாக வந்து நிற்பது எழுவாய். செயல்வீரர்கள் கூடிய சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? இதை நான் எழுந்து நின்று விளக்கியதன் பயனாக, ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய என்னை அக்கூட்டத்திலேயே ‘மொழிச் செம்மை உறுப்பினர்’ ஆக்கினார்கள். சங்கத்தின் பலகைகளிலும் அறிக்கைகளிலும் ஒற்றுப்பிழை நேராமல் பார்ப்பது என் கடமை. உடற்பயிற்சி செய்வதிலிருந்து எனக்கு விலக்கு அளித்தார்கள். என் முழங்கால்களும் இதை வரவேற்றன.

கூட்டு உடற்பயிற்சியின் நன்மைகளை உலகம் அறிய வேண்டும். தனியாக நடப்பவன் நடக்க மட்டுமே செய்கிறான். கூட்டமாக நடப்பவனோ நடக்கிறான், பேசுகிறான், படம் எடுக்கிறான், அந்தப் படத்தை நடக்காதவர்களுக்கு அனுப்பி அவர்களுக்கும் மனப்பயிற்சி அளிக்கிறான். தலைவரின் வற்றல் கிடங்கை ஒட்டிய காலி மனையே எங்கள் பயிற்சிக் களம். அங்கே மூச்சுப் பயிற்சி தொடங்கிய முதல் விடியலில் ரோஷினி “ஆழமா உள்ள இழுங்க” என்றார். உறுப்பினர்கள் ஆழமாக இழுத்தார்கள். கிடங்கிலிருந்து வந்த காற்றையும் சேர்த்து இழுத்தார்கள். அடுத்த கணம் விருதுநகரின் வணிகப் பெருமக்கள் அனைவரும் ஒரே குரலில் தும்மினார்கள். அத்தகைய ஒற்றுமையை நான் எந்தத் தேர்தலிலும் கண்டதில்லை.

“உடம்புல இருக்க நஞ்செல்லாம் வெளிய போகுது, மாமா” என்று ரோஷினி விளக்கினார்.

“வெளிய ஒண்ணும் போகல, அண்ணாச்சி” என்றார் ஹக்கீம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “உங்க வத்தல்தான் உள்ள போகுது.”

மறுவாரம் சிவகாசியில் அச்சடித்த பலகை ஒன்று களத்தில் நின்றது. ‘மூச்சு பிடிப்பு பயிற்சி’ என்று அதில் எழுதியிருந்தது. மூச்சை அடக்கும் பயிற்சி என்பது அவர்கள் கருத்து. முதற் சொல்லுக்குப் பின் ‘ப்’ வர வேண்டும். வந்தால் அது விலாவைப் பிடித்து இழுக்கும் நோயின் பெயராகிவிடும். இரண்டாம் சொல்லுக்குப் பின்னும் ‘ப்’ வர வேண்டும். வந்தால் அந்த நோயை வரவழைக்கும் பயிற்சி என்று பொருள்படும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் தலைவர் மூச்சை அடக்கிக் காட்டினார். பிறகு ஒரு வாரம் அவர் யாரையும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை, உடம்போடு திரும்பினார். வல்லினம் மிகும் இடத்தை இலக்கண நூலார் ‘வலி மிகும் இடம்’ என்பர். அது தம் விலாவில் இருக்கிறது என்பதைத் தலைவர் அன்று உணர்ந்தார்.

பயிற்சி முடிந்ததும் நெய்ப் பொங்கலும் உளுந்த வடையும் வரும். இழந்த ஆற்றலை ஈடுசெய்ய வேண்டும் அல்லவா? சிலர் இழப்பதற்கு முன்னரே ஈடுசெய்தார்கள்.

இவ்வளவு பெரிய நன்மையை ஊரார் மட்டும் அனுபவிப்பது அறமா? தொழிலாளர்க்கும் வழங்க வேண்டும் என்று தலைவர் முடிவு செய்தார். வடக்கேயிருந்து பெரிய ஆர்டர் தரும் கம்பெனியார் அப்போதுதான், தொழிலாளர் நலனுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள், படத்துடன் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள் என்பது தற்செயல். தீபாவளிச் சீசனுக்குள் அவர்களே நேரில் வருவதாக இருந்தார்கள் என்பதும் தற்செயல். தற்செயல்கள் இரண்டும் சேர்ந்து தலைவரின் கருணையை ஊற்றெடுக்க வைத்தன.

ஆகவே ஒரு நாள் காலை, செயற்குழுவினராகிய நாங்கள் தலைவரின் பட்டாசுக் கம்பெனிக்குப் போனோம். நடு முற்றத்தில் ‘உடற்பயிற்சியே உயர்ந்த மருந்து’ என்னும் பலகையை நிறுத்தியிருந்தார்கள். ஒற்றுகள் சரியாக இருந்தன, நானே பார்த்தேன். பெண்கள் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். அவர்களுள் என் தெருவைச் சேர்ந்த மாரிசெல்வியும் ஒருத்தி. பொழுது விடிவதற்கு முன்பே சமைத்து, தண்ணீர் எடுத்துவைத்து, கம்பெனி வேனைப் பிடிக்க ஓடி, அதில் நின்றுகொண்டே வருபவள். ஒன்பதாம் நம்பர் அறையில் மருந்து செலுத்துவது அவள் வேலை. வெடிக் கலவைக்கு இந்த வட்டாரத்தில் மருந்து என்று பெயர். அவள் பலகையை வாசித்துவிட்டுப் பக்கத்தில் நின்றவளின் காதில் ஏதோ சொன்னாள். வரிசை முழுவதும் சிரித்தது. சிரிப்புப் பயிற்சி இவ்வளவு விரைவில் பலித்ததைக் கண்டு ரோஷினி மகிழ்ந்தார்.

உட்கார்ந்தே வாழும் வாழ்க்கை முறையால் வரும் கேடுகளைப் பற்றி ரோஷினி ஓர் அரிய சொற்பொழிவு ஆற்றினார். நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பது எலும்புக்குக் கெடுதல். இடையிடையே எழுந்து நடமாட வேண்டும் என்றார்.

“எந்திரிக்கதுக்கு நாங்க எப்பவும் ரெடிதான், தாயி” என்றாள் மாரிசெல்வி. “உக்காரச் சொல்லுததுதான் உங்க மாமா.”

பயிற்சி நாள்தோறும் தொடர்ந்தது; ஓட்டமும் சேர்ந்தது. யோகா செய்யும் ரப்பர்ப் பாய்களும், பாட்டுப் பெட்டிகளும், மேடைப் பலகைகளும் வந்து இறங்கின. அவற்றை எங்கே வைப்பது என்பது பெரும் சிக்கலாயிற்று. கிடங்கில் சீசன் லோடு நிறைந்திருந்தது. அலுவலகத்தை விருந்தினர்க்காக வெள்ளையடித்திருந்தார்கள். போர்மேன் கண்ணுச்சாமி ஓர் இடம் கண்டுபிடித்தார். ஒன்பதாம் அறையின் கிழக்குக் கதவுக்கு வெளியே கூரைச் சரிவு ஒன்று இருந்தது. நனையாது, யார் கண்ணிலும் படாது. பாய்களும் பெட்டிகளும் அங்கே ஏறின. கதவின் முக்கால் உயரத்துக்கு ஏறின.

மருந்து அறைக்குக் கிழக்கிலும் மேற்கிலும் கதவு வைப்பது காற்றுக்காக அன்று. ஒரு பொறி விழுந்தால் அவரவர்க்கு அருகில் உள்ள வழியாகப் பாய்ந்து வெளியேறுவதற்காக. மாரிசெல்வி உட்காரும் இடம் கிழக்குக் கதவின் அருகில் இருந்தது. அவள் கண்ணுச்சாமியிடம் சொன்னாள். அவர் முதலாளியிடம் சொல்லச் சொன்னார். தெருவில் என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் செயற்குழுவில் பேசச் சொன்னேன். செயற்குழு கம்பெனி முற்றத்தில் கூடிய அன்று அவள் நேரே எங்கள் முன்னால் வந்து நின்றாள்.

“மொதலாளி, எல்லாரும் ஓடிப் பழகணும்னு சொல்லுதீக. ஓடுதோம். அந்தக் கெழக்குக் கதவுல அடுக்கி வச்சிருக்கத மட்டும் எடுக்கச் சொல்லிருங்க.”

“அதான் மேக்க ஒரு கதவு இருக்குல்லம்மா” என்றார் தலைவர்.

“மேக்க இருக்கவ மேக்க ஓடுவா. நான் எங்கிட்டு ஓட?”

“எடுத்து வெட்டவெளியில போட்டா பாயெல்லாம் மழையில நனைஞ்சுரும்லா.”

“நான் குடை வச்சிருக்கேன், அண்ணாச்சி” என்றார் ஹக்கீம். தலைவர் தம்மை எப்போதும் ‘பாய்’ என்று அழைப்பதை நினைவில் கொண்டு அவர் சொன்னது இது. குழு நன்றாகச் சிரித்தது. மாரிசெல்வி சிரிக்கவில்லை. அதைக் கண்ட ஹக்கீமும் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தச் சாமானைத் தம் மண்டியில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம், இடம் இருக்கிறது என்றார். தினமும் விருதுநகரிலிருந்து யார் ஏற்றி இறக்குவது என்று தலைவர் கேட்டதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

ரோஷினி கனிவோடு குறுக்கிட்டார். “அக்கா, நீங்க கெட்டதையே நினைக்கிறீங்க. உடம்பு ஃபிட்டா இருந்தா எந்தக் கதவும் தூரமில்ல.”

“வாஸ்தவந்தான், தாயி. தீக்கு யாரு பயிற்சி குடுத்தா? அது எங்களயெல்லாம் விட வெரசா ஓடுதே.”

இதற்குமேல் விவாதம் வேண்டா என்று தலைவர் தீர்மானத்தைச் சொல்லி எழுதவைத்தார். ‘ஒன்பதாம் அறையின் கிழக்குக் கதவருகே வைக்கப்பட்டுள்ள பொருள்கள் விரைவில் அகற்றப்படும்.’ எல்லாரும் கைதட்டினார்கள். மாரிசெல்வியும் நம்பிக்கையோடு வேலைக்குத் திரும்பினாள். மொழிச் செம்மைக்காகத் தாள் என்னிடம் வந்தது. ஒற்றுகள் குறையில்லை. ஆயினும், செயப்பாட்டு வினையை இப்படிக் கண்ட இடத்தில் எல்லாம் புழங்குவது தமிழின் இயல்பன்று என்பதால், ஒரே ஓர் ஐயத்தை மட்டும் எழுப்பினேன்.

“அகற்றப்படும் என்றால், யாரால்?”

“அதான் ‘படும்’னு போட்டாச்சுல்லா, சார்” என்றார் தலைவர். “பட்டுரும்.”

நானும் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். வாக்கியம் என்னும் அளவில் அதில் பிழை இல்லை.

விருந்தினர் வரும் நாளில் கம்பெனி முற்றத்தில் விழா என்று முடிவாயிற்று. அதற்கு முன்னோட்டமாக ஓட்டப் பந்தயம் ஒன்று வைத்தார்கள். முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. மாரிசெல்வி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஓடி முதலாவதாக வந்தாள். தினமும் காலையில் வேனுக்குப் பின்னால் ஓடிப் பெற்ற பயிற்சி என்று அவள் காரணம் சொன்னதை ரோஷினி ஏற்கவில்லை. சங்கத்தின் பயிற்சியே காரணம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். விழாவில் வழங்கவிருந்த பரிசு, ஓட்டக் காலணி. மருந்து அறைக்குள் காலணி போட்டுப் போகக் கூடாது என்பதால் எப்போது போட என்று அவள் கேட்டாள். விழா நாளில் போடலாம் என்று பதில் கிடைத்தது.

விழாவுக்கு முந்திய நாள் முற்பகலில் ஒன்பதாம் அறையில் பொறி விழுந்தது. உரசலால் என்கிறார்கள். மேற்கே உட்கார்ந்திருந்த பெண்கள் மேற்கே பாய்ந்து முற்றத்தில் விழுந்தார்கள். அவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. மாரிசெல்வியும் பாய்ந்தாள். அவளைப் போல் வேகமாகப் பாய அந்தக் கம்பெனியில் ஆள் இல்லை. கிழக்குக் கதவில் பாய்கள் இருந்தன. தள்ளிப் பார்த்தாள்; ரப்பர் அசையவில்லை. பிறகு திரும்பி, தீயைக் கடந்து, மேற்குக் கதவுக்கு ஓடினாள். உயிர் பிழைத்தாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் வெந்துபோயின. இனி எப்படி நடப்பாள் என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

பாய்கள் நனையவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். கரியவும் இல்லை.

அன்று மாலையே செயற்குழு கூடியது. துயரமான கூட்டம் என்பதால் வடை இல்லை, தேநீர் மட்டும். தீ விபத்தைப் பற்றி விசாரணைக்கு வருவோர்க்கும், வடக்கேயிருந்து வருவோர்க்கும் கொடுக்க அறிக்கை ஒன்று வேண்டியிருந்தது.

“ஓட்டம் பழக்கிவிட்டம்ல. அது மட்டும் இல்லேன்னா அந்தப் பொம்பள கதி என்ன ஆயிருக்கும்?” என்று தலைவர் கேட்டார். அவர் அதை உண்மையிலேயே நம்பினார்.

அறிக்கை மூன்றே வாக்கியங்களில் அமைந்தது. ‘எழுவாய் நலச் சங்கம் அளித்த ஓட்டப் பயிற்சி ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றியது. அறையின் கிழக்குக் கதவு அடைக்கப்பட்டிருந்தது. மாரிசெல்வி பதற்றத்தில் தவறான கதவைத் தேர்ந்தெடுத்தார்.’ இதன்படி தவறு அவளுடையது என்று ஆகும். தவறு அவளுடையது என்றால் வைத்தியமும் இனிவரும் பிழைப்பும் அவள் பாடு என்று ஆகும். ஹக்கீம் தாளை வாசித்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார், கையெழுத்துப் போடவில்லை. மற்றவர்கள் போட்டார்கள். மொழிச் செம்மைக்காக விழா மேடையில் நானே அதை வாசிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை, விழாவுக்குப் புறப்படும் வழியில், பரிசை வழங்க மருத்துவமனைக்குச் சென்றோம். தலைவர் காலணிப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். அங்கே கட்டுப் போட்ட கால்கள் இருந்ததால் மீண்டும் எடுத்துத் தலைமாட்டில் வைத்தார். படம் எடுக்க வந்தவர் தாமாகவே கேமராவைத் தாழ்த்திக்கொண்டார்.

மாரிசெல்வி பெட்டியைப் பார்த்தாள். “ஓடப் படிச்சுக் குடுத்தீக, மொதலாளி. நான் ஓடத்தான் செஞ்சேன். மொத ஆளா அந்தக் கதவுக்குத்தான் போனேன்” என்றாள். ரோஷினி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வரும்போது அவள் என்னை மட்டும் கூப்பிட்டாள்.

“சார், போர்மேன் வந்தாரு, ஆபீசுக்காரக வந்தாக. எல்லாரும் ‘கதவு அடச்சிருந்துச்சு’ன்னுதான் சொல்லுதாக. அதுவா போயி அடச்சுக்கிருச்சா?”

வகுப்பில் எத்தனையோ மாணவர்களை நிற்கவைத்து நான் கேட்ட கேள்வி அது. விடை சொல்லாதவர்களை நிற்கவைத்தே இருக்கிறேன். அன்று நான் நின்றேன்.

விழா இனிதே நடைபெற்றது. நடத்தியவர் யார் என்பதை மேலே பார்க்க. வடக்கத்தி விருந்தினர்க்குப் பொன்னாடையும் மாலையும் அணிவித்தார்கள். முற்றத்தில் பாய்கள் விரித்திருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தன. என்னை அழைத்தார்கள். முதல் வாக்கியத்தை வாசித்தேன். கைதட்டல். அதன் எழுவாய் தெளிவாக இருந்தது: சங்கத்தின் பயிற்சி. மூன்றாம் வாக்கியத்துக்குத் தாவிப் பார்த்தேன். அதற்கும் எழுவாய் இருந்தது: மாரிசெல்வி. புகழுக்கு ஓர் எழுவாய் உண்டு, பழிக்கு ஓர் எழுவாய் உண்டு. நடுவில் இருந்த கதவுக்கு மட்டும் இல்லை. எழுவாய் நலச் சங்கத்தின் அறிக்கையில் இப்படி ஒரு குறையை விட்டுவைப்பது என் பதவிக்கு அழகா? இரண்டாம் வாக்கியத்தைச் செய்வினையாக மாற்றி வாசித்தேன்.

“கிழக்குக் கதவுக்கு வெளியே இடம் பார்த்தவர் கண்ணுச்சாமி. பாய் நனையும் என்று அதை எடுக்க மறுத்தவர் சங்கரபாண்டியன். எடுக்கச் சொல்லிக் கேட்ட மாரிசெல்வியிடம் கெட்டதை நினைக்காதே என்றவர் ரோஷினி. ‘அகற்றப்படும்’ என்பதற்குக் கைதட்டியது செயற்குழு. ஆகவே, கதவை அடைத்தவர்கள் நாங்கள். மாரிசெல்வி தேர்ந்தெடுத்தது சரியான கதவு.”

‘ஆகவே’ என்பதற்கு முன்பே ஒலிபெருக்கி நின்றுவிட்டது. நிறுத்தப்பட்டது என்று எழுதமாட்டேன், கண்ணுச்சாமி நிறுத்தினார். பெண்கள் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எழுந்து நின்றவர் அப்துல் ஹக்கீம் ஒருவரே. “சத்தமா வாசிங்க, சார். பின்னாடி கேக்கல” என்றார்.

மிச்சம் இருந்தது ஒரு வாக்கியம். தாளில் அது இல்லை. அதற்கும் எழுவாய் வேண்டும் என்பதால் நானே சேர்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பறைக் குரலில் வாசித்தேன்:

“மற்றவர்கள் கதவை அடைத்துக்கொண்டிருந்தபோது, நான் ஒற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.”